வலையின் வம்சாவளி

இருமினாலும் தும்மினாலும் நீர்க்குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசியும் அவதியைப் பெண்கள் நோயென்றே சொல்வதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மகப்பேற்றில் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகளும், அவை தேறுவதற்கு முன்பே மீண்டும் பளு தூக்க வைக்கும் வாழ்க்கையும் இதன் முக்கியக் காரணங்கள். அரசுகள் கண்டுகொள்ளாத இந்த அவதியை மருத்துவக் கருவி நிறுவனங்கள் கண்டுகொண்டன.

1990களில் ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் வகுத்த அறுவை முறை எளிமையானது. சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில், பாலிபுரோப்பிலீன் இழைகளால் பின்னிய நாடா ஒன்றைத் தொட்டில்போலப் பொருத்துவதே அது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. விரைவில் வீடு திரும்பலாம். ஏராளமான பெண்களுக்கு இது நிவாரணம் தந்தது என்பதை மறைத்துப் பேசுவது மார்க்சியர்களுக்கு அழகல்ல. அந்த நாடா எந்த வழியாகச் சந்தைக்கு வந்தது, தீங்கு நேர்ந்தபோது யார் வாய்மூடி இருந்தார்கள் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் '510(கே)' என்றொரு வழி உண்டு. புதிய கருவி ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றுக்குக் 'கணிசமான அளவில் சமானம்' என்று காட்டினால் அனுமதி கிடைக்கும். பெரும்பாலும் மனிதர்களிடம் சோதித்துக் காட்டும் கட்டாயமில்லை. (கணிசம் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய ஓட்டை!) 1996இல் பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனத்தின் 'புரோட்டேஜென்' பட்டை இவ்வழியில் அனுமதி பெற்றது. 1998இல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான எதிகான், தனது 'டிவிடி' நாடா புரோட்டேஜெனுக்குச் சமானம் என்று கூறி அனுமதி வாங்கியது. ஒன்று கொலாஜன் ஏற்றிய பாலியெஸ்டர், மற்றது பாலிபுரோப்பிலீன், ஆனாலும் சமானம்! 1999 ஜனவரியில், திசுவை அரித்து வெளிவருகிறது என்ற காரணத்தால் புரோட்டேஜென் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மூதாதை மாண்டது, வாரிசுகள் விற்பனையில் செழித்தன. இடுப்பறை உறுப்புகளின் இறக்கத்தைச் சரிசெய்யப் பயன்பட்ட வலைகளைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 61 கருவிகளின் வம்சாவளி புரோட்டேஜெனிலும் 1985இல் அனுமதிக்கப்பட்ட இன்னொரு வலையிலும் போய் முடிவதைக் காட்டியது. அனுமதி வழங்கப்பட்ட நேரத்தில் அவற்றில் ஒன்றுக்குக்கூட மருத்துவச் சோதனைச் சான்று இல்லை. எதிகானின் 'புரோலிஃப்ட்' வலையோ 2005 முதல் மூன்று ஆண்டுகள் அந்த எளிய அனுமதிகூட இல்லாமலே விற்கப்பட்டது.

திசு வலைக்கண்களுக்குள் வளர்ந்து பிணைந்துவிடுவதால், அதை அகற்றுவது காரைச் சுவரில் பதித்த கம்பிவலையைப் பெயர்ப்பதற்கு ஒப்பானது. தீராத வலி, உட்காரவும் நடக்கவும் இயலாமை, தாம்பத்தியம் முறிவது எனப் பெண்கள் முறையிட்டபோது, பலருக்கும் கிடைத்த பதில் 'எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்பதே. அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. 2019 நவம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், ஜான்சன் நிறுவனங்கள் கவனக்குறைவாக நடந்துகொண்டன, நோயாளிகளையும் மருத்துவர்களையும் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், உறுப்பிறக்கத்துக்கு யோனிவழி பொருத்தும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா நிறுத்தியது. சிறுநீர்க் கசிவுக்கான நாடா அங்கே இன்றும் விற்கப்படுகிறது.

'அபாயம் எந்த அறுவையிலும் உண்டு. தேர்வு பெண்ணுடையது' என்கிறார்கள் சந்தையின் வழக்கறிஞர்கள். எதைத் தெரிந்துகொண்டு தேர்வது? அபாயங்களை மறைத்து விளம்பரம் செய்ததற்காகக் கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் இந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம், மேல்முறையீட்டில் குறைந்த பிறகும் 30 கோடி டாலருக்கு மேல். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலியோடு அபராதமும் இழக்கிற கரும்பு வெட்டும் பெண்கள் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கருப்பையையே அகற்றிக்கொண்ட கொடுமை 2019இல் வெளிவந்தது. அதையும் தேர்வு என்றே சொல்வார்கள் போலும்.

இந்த வம்சாவளியின் கிளை நம் நாட்டுக்குள் நீள்வதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தடையற்ற விற்பனைச் சான்று இருந்தால், இங்கே மருத்துவச் சோதனை இல்லாமலே இறக்குமதி உரிமம் தரலாம். அங்கே 'சமானம்' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்த கருவி, இங்கே அந்தச் சொல்லைக்கூட உச்சரிக்க வேண்டியதில்லை.

விளைவு என்னவாகும் என்பதற்கு அதே ஜான்சன் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு சாட்சி. 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட அக்கருவி இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் பொருத்தப்பட்டிருந்தது. 2018இல் மத்திய அரசின் நிபுணர் குழு பார்த்தபோது பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பழுதான கருவிக்கு இழப்பீடு தரச் சட்டத்தில் இடமே இல்லை என்றும் அப்போதுதான் பேசப்பட்டது. நொண்டி நடக்கும் நோயாளியையே தொலைத்துவிட்ட நிர்வாகம், வெளியே சொல்லவே கூசுகிற வலியைச் சுமக்கும் பெண்ணை எந்தப் பேரேட்டில் தேடும்? பிரிட்டனிலேயே, எத்தனை பெண்களுக்கு வலை பொருத்தப்பட்டது என்று அரசுக்குத் தெரியாது என 2020இல் கம்பர்லெஜ் அறிக்கை குற்றம் சாட்டியது. இங்கோ 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம், மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவுக் குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ளும் சமரசத்துக்கு உரியவையாக மாற்றியிருக்கிறது. 'விஸ்வாஸ்' என்றால் நம்பிக்கை. யார் மீது யாருக்கு?

உடலில் பொருத்தும் ஒவ்வொரு கருவிக்கும் கட்டாயத் தேசியப் பதிவேடு, சட்டப்படியான இழப்பீடு, அந்நியச் சான்றின் பேரில் சோதனையைத் தவிர்க்கும் விதியின் நீக்கம் ஆகியவை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவை. நோயாளியின் சொந்தத் திசுவைக் கொண்டு செய்யும் அறுவையில் அரசு மருத்துவர்களுக்குப் பயிற்சி வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டுதல், அறுவைக்கு முன் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையுடன் இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தரச் சொல்கிறது. அதற்குத் தேவை ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு தனியறையும் மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்விரண்டும் உண்டா என்று மாதர் அமைப்பின் தோழர்கள் இந்த மாதமே கணக்கெடுக்கத் தொடங்கலாம்.