பங்காளிகள் யார்?

ஆசியாவும் ஆபிரிக்காவும் கைகோத்து, நிலைத்து நிற்கும் சுற்றுலாத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று வர்த்தகப் பிரமுகர்கள் முழங்குகின்றனர். நல்லது. 1955இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அன்று இரு கண்டங்களையும் இணைத்தது விடுதலை வேட்கை. இன்று இணைவோர் யார்? மக்களா, முதலாளிகளா? மலையகத்தில் வாழ்வோர் இவ்வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது.

கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. ஹற்றனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியின் பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் செல்வந்தப் பயணிகளை வரவேற்கின்றன. அவர்கள் காண வருவது எதனை? சீராகக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை; கொழுந்தெடுக்கும் பெண்ணை. அவ்வழகு இயற்கையின் கொடை மட்டுமன்று; தலைமுறை தலைமுறையாகச் சிந்திய வியர்வையின் விளைவு. படத்தில் அப்பெண்ணுக்கு இடமுண்டு. வருவாயில் அவளுக்குச் சட்டம் வகுத்த பங்கு இல்லை.

“வேலை கொடுக்கிறோமே, உதவிகள் செய்கிறோமே” என்பர். கூலி வேறு, பங்கு வேறு. கொடை வேறு, உரிமை வேறு. ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டு 2018இல் வீதிக்கு வந்த தொழிலாளர், அதனைப் பெற 2021 வரை காத்திருக்க நேர்ந்ததை நாடறியும்.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக நீளும் பெக்கோ நடைவழி தோட்டங்களினூடே செல்கிறது. அவ்வழியில் ஒரு தேநீர்க்கடை வைக்கவும், விருந்தினருக்கு ஓர் அறை விடவும் சொந்த நிலம் வேண்டாமா? லயத்துக் காம்பிராவுக்கும் காணி உறுதி இல்லாதவன் எதனை முதலாக்குவான்?

ஆபிரிக்காவிடம் நாம் கற்க வேண்டியது இங்கேதான். நமீபியாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுநிலத்தில் வாழும் மக்கள் சங்கமாகத் திரண்டு வனவிலங்கின் மீதும் சுற்றுலாவின் மீதும் உரிமை பெறலாம். விடுதி நடத்த வருவோர் அவர்களோடு ஒப்பந்தம் செய்கின்றனர். ருவண்டா, தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 5 விழுக்காட்டை 2005 முதல் சுற்றுப்புற மக்களுக்கென ஒதுக்கியது. 2017இல் அதனை 10 ஆக உயர்த்தியது. இவை குறையற்றவை அல்ல. ஆயினும் அங்கே மக்கள் பங்குடையோர் என்பது சட்டத்தில் ஏறிவிட்டது.

இன்னுமொன்று: இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம் கென்யாவில் ஃபின்லே தேயிலைத் தோட்டங்களை வாங்கும் செய்தி 2023இல் வெளியானபோது, 15 விழுக்காட்டுப் பங்கு கெரிச்சோ வட்டாரக் கிப்சிகிஸ் மக்களின் கூட்டுறவுக்கு விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில் நிலமிழந்து, நெடுங்காலமாக நீதி கேட்டு வரும் மக்கள் அவர்கள். கெரிச்சோவில் பேசத்தகும் நியாயம் நுவரெலியாவில் மட்டும் ஏன் கசக்கிறது?

கூட்டுறவு வளரட்டும். ஆனால் லயத்துக்குக் காணி உறுதியும், சுற்றுலா வருவாயில் சட்டபூர்வமான பங்கும் ஒப்பந்தத்தின் முதல் வாசகங்களாக வேண்டும். அவை இல்லாத கூட்டு, பழைய துரைத்தனத்தின் புதுப் பதிப்பே.