ஒரே ஒரு ஜாப்... தப்பவே கூடாது!



"மெக்கானிக்கல் படிச்சு என்னத்தப்பா சாதிக்கப் போறே? ஏதாவது கம்பெனியில போல்ட்டு முடுக்கத்தானே போறே?" நம் ஊரில் இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. போல்ட் முடுக்குவது கேவலமான வேலை இல்லை. ஆனால் நம்ம தொழில் இன்றைக்கு எங்கே போய் நிற்கிறது தெரியுமா? மனிதனின் முதுகெலும்பு வரைக்கும்!

2017-ம் ஆண்டு டில்லியை அடுத்த குருகிராமில், மெதாந்தா மருத்துவமனையில் நடந்தது இது. 32 வயதுப் பெண் ஒருவரின் கழுத்தில் மேலே உள்ள மூன்று எலும்புகளை டி.பி. நோய் அரித்துவிட்டது. தலையைத் தாங்கவே ஆதாரம் இல்லை. டாக்டர் ஆனந்த் நாயக் குழுவினர், அந்தப் பெண்ணின் கழுத்துக்கு மட்டுமே பொருந்தும் டைட்டானியம் பாகத்தை 3டி பிரிண்டிங்கில் செய்ய வைத்து, 10 மணி நேர ஆபரேஷனில் பொருத்தினார்கள். இதற்கு முன்பே 2014-ல் பெய்ஜிங்கில் 12 வயதுச் சிறுவனுக்குக் கழுத்தின் இரண்டாவது எலும்பை இப்படி வைத்திருந்தார்கள்.

பொருத்தியவர் டாக்டர். சரி, அந்தப் பாகத்தைச் செய்தது யார்? சி.டி. ஸ்கேனை கம்ப்யூட்டரில் டிராயிங்காக மாற்றணும். டைட்டானியம் பவுடரைத் தலைமுடி கனத்துக்குப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கணும். அதன்மேல் அடுத்த அடுக்கு. பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட், சப்போர்ட்டை வெட்டுவது, ஃபினிஷிங், அளவு பார்ப்பது. இதெல்லாம் யார் வேலை? நம்ம வேலைதான்!

பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே யங்ஸ் மாடுலஸ், அதுவும் இங்கே வருகிறது. ஸ்டீலுக்குச் சுமார் 200 ஜிகா பாஸ்கல், டைட்டானியக் கலவைக்குச் சுமார் 110, கெட்டி எலும்புக்கு 20 அளவுதான். ரொம்ப விறைப்பான உலோகம் பக்கத்து எலும்புக்குள் அமுங்கி இறங்கிவிடலாம். அதனால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக அச்சடிக்கிறார்கள். விறைப்பும் குறையும், ஓட்டைக்குள் எலும்பும் வளரும். லேத்தில் இதைக் கடைய முடியுமா?

முதுகுவலி வந்தவருக்கெல்லாம் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதுகெலும்பு டி.பி. காலத்தில் பார்த்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும். மற்றதற்கும் ரெடிமேட் ஸ்க்ரூ, ராடு பல நேரம் போதும். எலும்பே மிச்சமில்லாத சிலருக்குத்தான் தனி அளவு தேவை.

அந்தச் சிலரில் நம்ம ஆள் இருந்தால்? எங்க அப்பா கம்பத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறவர். நம் பள்ளத்தாக்கில் தென்னை ஏறுகிறவர்கள் எத்தனை பேர், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்கள் எத்தனை பேர்! இவர்களுக்கெல்லாம் முதுகுதான் மூலதனம். அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவது க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் மதுரைக்கு. "அதெல்லாம் பணக்கார வைத்தியம்" என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

டைட்டானியம் அந்நியச் சரக்கும் இல்லை. அதன் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. குறைவது மெஷினும் கைதேர்ந்த ஆட்களும்தான். அரசு மருத்துவக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் கைகோர்க்க வேண்டும் என்பது என் கருத்து. எடுத்தவுடன் உலோகம் வேண்டாம். நோயாளியின் எலும்பை அப்படியே பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கொடுத்தால், டாக்டர் அதைக் கையில் வைத்து ஆபரேஷனைத் திட்டமிடலாம். அதற்குச் சாதாரண பிரிண்டரே போதும்.

ஆனால் ஒன்று, நண்பர்களே. ஆயிரம் பீஸ் போட்டால் பத்தை எடுத்து உடைத்துப் பார்க்கலாம். ஒருத்தருக்காகச் செய்த ஒரே பீஸை உடைத்துப் பார்க்க முடியுமா? அதனால்தான் கூடவே அச்சடித்த சோதனைத் துண்டை இழுத்துப் பார்க்கிறார்கள். பவுடர் சுத்தம் முதல் கடைசி அளவு வரை எழுதி வைக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, வராத ரீடிங்கை வந்ததாகப் போடுகிற கைக்கு அங்கே இடமில்லை. அந்த ரீடிங்கை நம்பி ஒருத்தர் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது!

உண்மையான அளவை எழுதப் பழகுவோம். நம் மக்களின் முதுகு நிமிர நம் கையும் உதவட்டும்!