வெங்காயம் வந்த தூரமா, ஐஸ் உறைந்த செலவா?

2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவில் வசிப்பவர்கள், வேலைக்கு வந்த வெளிநாட்டவரையும் சேர்த்து, 5.15 லட்சம் பேர். 2024-25-ல் அந்த நாட்டுக்கு அனுப்ப இந்தியா அனுமதித்த முட்டை மட்டும் 42.75 கோடி. கூடவே 1.24 லட்சம் டன் அரிசி, 1.09 லட்சம் டன் கோதுமை மாவு, 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு. இவையெல்லாம் உச்சவரம்புகள்தாம், அத்தனையும் போய் இறங்கும் என்பதில்லை. ஆண்டுக்கு இருபது லட்சம் சுற்றுலாப் பயணிகளுக்கும் அங்கே சமைத்தாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மீன், தேங்காய், கொஞ்சம் காய்கனி நீங்கலாக அந்த நாட்டின் தட்டில் விழுவது கடல் தாண்டி வந்ததுதான்.

இதைக் கேட்டதும் பலருக்கும் கப்பல் செலவுதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடியிலிருந்து தலைநகர் மாலேக்குச் சுமார் 700 கிலோமீட்டர். இத்தனை தூரம் வெங்காயத்தைச் சுமந்து போக எவ்வளவு எண்ணெய் எரியும்? கணக்குப் போட்டால் வியப்புதான் மிஞ்சும். பெரிய சரக்குக் கப்பலில் போனால் ஒரு கிலோ வெங்காயத்துக்கு ஓரிரு தேக்கரண்டி எண்ணெய். சின்னக் கப்பலோ தோணியோ என்றால் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஒரு டன்னுக்கு என்று வைத்தாலும் இருபது லிட்டரை ஒட்டித்தான் நிற்கும். உணவு வந்த தூரத்தை வைத்து அதன் எரிசக்திச் செலவை அளக்கும் வழக்கம் இங்கே சரிப்படாது. விமானத்தில் வரும் ஸ்ட்ராபெர்ரிக்கு வேண்டுமானால் அந்த அளவுகோல் பொருந்தும்.

செலவு ஏறுவது கரை தொட்ட பிறகு.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. நாடு முழுவதையும் இணைக்கும் மின்கம்பி கிடையாது. குடியிருப்புத் தீவு ஒவ்வொன்றுக்கும் தனி மின்நிலையம். அதில் ஓடுவது பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர். விடுதித் தீவு என்றால் ஜெனரேட்டரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் குளிர்பதன அறையும் விடுதிக்குச் சொந்தமாகவே இருக்கும். அரிசியைக் கழுவும் தண்ணீரிலேயே டீசல் கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தபோது தலைநகரின் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. சோறு வடிப்பது ஓர் இயந்திரத்தை நம்பியிருக்கிறது என்பதை நாடு அந்த வாரத்தில் கண்கூடாகப் பார்த்தது.

சரக்கு போகும் பாதையும் சுற்றுவழிதான். வடக்கே உள்ள குலுதுஃபுஷி தீவு தூத்துக்குடிக்கு மாலேயைவிடப் பக்கம். ஆனால் சரக்கு முதலில் மாலேயில் இறங்கி, படகு மாறி, மறுபடி வடக்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, குலுதுஃபுஷி, மாலே என்று நேரடிச் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டதற்கு இந்தச் சுற்றலைக் குறைப்பதும் ஒரு காரணம். பாதி நிரம்பிய சின்னப் படகு ஒரு மூட்டைக்கு எரிக்கும் டீசல் பெரிய கப்பலின் கணக்கில் அடங்காது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேச வேண்டியது ஐஸைப் பற்றி. ஏனென்றால் மாலத்தீவு தானே விளைவிக்கும் பெரிய உணவு சூரை மீன். அது ஐஸ் இல்லாமல் நகராது. வலை போடாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது இவர்கள் வழக்கம். வரிச்சூரையைத் தூண்டில் கழியால் பிடிக்கும் முறைக்கு 2012-ல் சர்வதேசச் சான்றும் கிடைத்தது. மஞ்சள் துடுப்புச் சூரைக்குப் போகும் தோணிகள் பல நாள் கடலில் தங்கும். அந்த மீன் கடல்நீரைவிடச் சூடான உடம்புக்காரன். பிடித்த கையோடு ரத்தத்தை வடித்து, செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஐஸைத் திணித்து, பெட்டியில் ஐஸ் மெத்தைமேல் கிடத்தாவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறிவிடும். ஹிஸ்டமின் ஏறிய மீனை ஐரோப்பா வாங்காது. ஆகவே துறையை விட்டுக் கிளம்புமுன் தோணியின் அறை ஐஸால் நிரம்பியிருக்க வேண்டும். ஐஸ் கிடைக்காத தோணி கட்டிக் கிடக்க வேண்டியதுதான்.

வெப்பமண்டலத்தில் ஒரு டன் ஐஸ் உறைய 60 முதல் 80 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் தருவது மூன்று, மூன்றரை யூனிட். ஆக ஒரு டன் ஐஸுக்குச் சுமார் இருபது லிட்டர் டீசல். ஒரு டன் வெங்காயம் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வருவதற்கு ஆகும் செலவுக்குக் குறையாது. ஒரு டன் மீனுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் ஐஸ் கேட்கும். அதற்குப் பிறகு உறைபதனக் கிடங்கு இருக்கிறது. வரிச்சூரையில் பெரும்பங்கு உறையவைக்கப்பட்டுத் தாய்லாந்துக் கப்பல் ஏறுகிறது. டப்பாவில் அடைக்கும் வேலையும் கூலியும் அங்கே போகின்றன. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 2011-ல் வெளியேறிய பிறகு, 2014 முதல் ஐரோப்பியச் சந்தையில் மாலத்தீவுக்கு வரிச்சலுகை நின்றுபோனது. உள்ளூரிலேயே டப்பாவில் அடைத்தால் 24 சதவீத வரி. வளர்ந்ததற்குக் கிடைத்த பரிசு!

ஐஸே இல்லாமல் பல நூற்றாண்டுகள் இதே மீன் கடல் கடந்து போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்த மாசி அது. கட்டை மாதிரி இருக்கும். உரலில் போட்டு இடித்தால்தான் உடையும். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே காஜியாக இருந்த பயணி இப்னு பதூதா, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அது ஏற்றுமதியானதை எழுதிவைத்திருக்கிறார். இன்றும் இலங்கைச் சமையலறைகளில் மாசி இல்லாமல் சம்பல் இறங்காது. அதற்காக நாடு மாசிக்கே திரும்ப வேண்டும் என்பது கற்பனை. பவளத் தீவில் விறகுக்கும் பஞ்சம்தான். விலையும் பச்சை மீனுக்குத்தான் அதிகம்.

அரசியல்வாதிகள் வாக்குறுதிகளுக்குக் குறைவைக்கவில்லை. 2020-க்குள் கரியமிலச் சமநிலை என்றார் அன்றைய அதிபர் முகமது நஷீது. 2009 அக்டோபரில் அமைச்சரவையையே கடலடியில் கூட்டினார். 2030-க்குள் நிகரச் சுழியம் என்றார் பின்னாளில் அதிபரான சோலிஹ். 2028-க்குள் மின்சாரத்தில் 33 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்கிறார் அதிபர் முய்ஸு. ஆண்டுகள் நகர்கின்றன, ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. வேலையே நடக்கவில்லை என்பதும் நியாயமாகாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு வெளித்தீவுகளில் சூரியத் தகடு, டீசல், பேட்டரி மூன்றும் சேர்ந்த அமைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், டீசல் ஜெனரேட்டரை ஓர் அளவுக்குக் கீழே சுமை குறைத்து ஓட்டினால் அது கெடும். நண்பகலில் சூரியத் தகடுகள் பொழியும்போது, தீவின் தேவை குறைவாக இருந்தால், தகட்டைத்தான் அடக்கிவைக்க வேண்டும். மிச்சத்தைச் சேமிக்கப் பேட்டரி வாங்கலாம். விலை இறங்கிவிட்டது என்றாலும் உப்புக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டிய சரக்கு அது. அதே மிச்சத்தை ஐஸாக உறையவைத்தால்? அன்றன்றே கரை சேரும் தோணிகள் மாலையில் திரும்பி மீனை இறக்குகின்றன. விடியுமுன் கிளம்ப ஐஸ் ஏற்றுகின்றன. பகலில் உறைந்து இரவில் இறங்கும் சரக்குக்கு வேண்டியது தடித்த காப்புச் சுவர் கொண்ட ஓர் அறை மட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடலாம். இரண்டும் சூரியனின் நேரத்துக்கு ஒத்துப்போகும் வேலைகள். வீட்டு விளக்கும் மின்விசிறியும் அப்படி ஒத்துப்போகா.

உள்ளூர் விவசாயத்துக்கு இதில் சின்ன இடம்தான். தொட்டூ தீவின் தர்ப்பூசணியும் பப்பாளியும் மாலே சந்தையை நிரப்புகின்றன. ஃபுவமுலாவில் சேம்பு விளைகிறது. வெயிலும் மழையும் தருவதை வைத்து விளைவது நல்லதே. ஆனால் குளிரூட்டிய பெட்டிக்குள் மின்விளக்கில் கீரை வளர்ப்பதைத் தற்சார்பு என்று கொண்டாடினால், வெங்காயக் கப்பலில் மிச்சப்படுத்திய டீசலைப் போல் பல மடங்கை ஜெனரேட்டர் குடித்துவிடும்.

அரிசி, மாவு, சர்க்கரை, மின்சாரம், எரிபொருள் என்று அரசு மானியம் கொடுக்கும் பட்டியல் நீளமானது. 2024-ல் டாலர் தட்டுப்பாடு வந்து இந்தியாவிடம் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி பெற நேர்ந்தது. அரசு கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை மீன்பிடித் தீவுகளின் ஐஸ் ஆலைகளுக்கென்று ஒதுக்கி, பகல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் வைத்தால், டீசலுக்குப் போகும் டாலர் முதலில் அங்கேதான் குறையத் தொடங்கும். விடுதிகளிடமும் குளிர்பதன அறைக்கும் தண்ணீருக்கும் ஆகும் டீசலைத் தனித்தனியே அளந்து கணக்குக் கேட்கலாம். ஒரே ஜெனரேட்டரின் மொத்தக் கணக்குக்குள் எல்லாம் ஒளிந்து கிடக்கும்வரை எதைக் குறைப்பது என்பது விடுதி நிர்வாகிக்கே தெரியப்போவதில்லை.