குழுவை அளப்பதா, பாடலை அளப்பதா?

ஓசூர்ச் சாலையிலுள்ள ஹெப்பகோடிக்கு வடக்கே, பெங்களூரு நகருக்குள் அரண்மனை மைதானம் உள்ளது. 2007 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழு அங்கே இசை நிகழ்ச்சி நடத்தியது. மின்கிதார்களின் முழக்கமும் விரைந்த தாளமும் கொண்ட அக்குழுவின் இசையை ‘ஹெவி மெட்டல்’ என்பர். நீண்ட அமைப்பும் மாறிவரும் தாளநடையும் கொண்ட ராக் இசை ‘முற்போக்கு ராக்’ எனப்படும். அயர்ன் மெய்டன் முற்போக்கு ராக் குழுவா என இசை அன்பர்கள் வாதிடுவதுண்டு.

இவ்வினாவைக் குழுவை நோக்கிக் கேட்பது பொருந்தாது. பாடலை நோக்கியே கேட்க வேண்டும். 1984இல் வெளிவந்த ‘பவர்ஸ்லேவ்’ தொகுப்பைக் காண்போம். கடற்பறவையைக் கொன்ற மாலுமியைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கதைப்பாடலைத் தழுவி அதில் ஒரு பாடல் உள்ளது. பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் அது, விரைந்து ஓடி, நடுவில் அடங்கி, மீண்டும் எழுகிறது. அது முற்போக்கு ராக் வகையே. அதே தொகுப்பின் ‘ஏசஸ் ஹை’ பாடலோ ஏறத்தாழ நான்கரை நிமிடங்களில் முடியும் நேரான ஹெவி மெட்டல்.

பாரதியார் சிந்தும் விருத்தமும் பாடினார். வசன கவிதையும் படைத்தார். யாப்பு வகையை நாம் கவிஞரிடம் தேடுவதில்லை, பாட்டில் தேடுகிறோம். இசைக்கும் அதுவே முறை. ‘ஹெவி மெட்டல்’ என்ற பெயரைக் கேட்டதும் இரைச்சல் என ஒதுக்குவோர், இருநூறு ஆண்டுப் பழைமையுடைய ஒரு கதையின் புதிய வடிவை இழந்துவிடுவர். பெயர் வழிகாட்டலாம், தீர்ப்பைச் செவியே வழங்க வேண்டும்.