"பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்"

துணை தேடும் செயலிகள் கல்லூரி மாணவர் கைகளிலும் புகுந்துவிட்ட காலம் இது. ஹிஞ்ச் என்னும் செயலி மூன்று வினாக்களுக்கு விடை கேட்கிறது. ஒவ்வொன்றும் 150 எழுத்துக்குறிகளுக்குள். நம்மவர் எழுதுவதோ "பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்" என்பதே! யாருக்குத்தான் பிடிக்காது? நாளிதழ் மணமகள் விளம்பரத்தின் 'நல்ல குடும்பம், சிவந்த நிறம்' என்பதற்கு இது தங்கை முறை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "முத்து தருவதாகச் சொல்லமாட்டேன், தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. மக்ரூன் உண்டு. பாதி, வழியிலேயே தீர்ந்துவிடும்." படிப்பவர் சிரிப்பார், சண்டைக்காவது வருவார். பதில் எழுத ஒரு பிடி கிடைக்கிறதல்லவா?

இப்படி விளக்கமாக எழுதினால் தொழிலும் சாதியும் வெளிப்பட்டுவிடும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பொய்யன்று. தெருப்பெயர் வேண்டாம், பெண்களுக்கு அது பாதுகாப்புமன்று. ஆனால், கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையாகிய நாம், பெற்றோர் உழைக்கும் உப்பளத்தை ஏன் மறைக்க வேண்டும்? அதையே விடுகதையாக்கலாமே! "ஊரெல்லாம் மழை கேட்கும்போது என் தந்தை மட்டும் வெயில் கேட்பார். ஏன்?"

"உப்பு" என்று விடை அனுப்புபவருடன் பேச நான் தயார்.