முட்டத்துப் பாறையும் தூண்டில் வளைவும்

முட்டம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படம் நினைவுக்கு வரும். எனக்கு என் வகுப்புதான் நினைவுக்கு வரும். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் நான். பிள்ளைகளை அந்தப் பாறைமேல் உட்கார வைத்து, "இந்த முனை எப்படி உண்டாச்சு?" என்று கேட்பேன். "பாறை கடலுக்குள்ள வளந்துட்டு சார்" என்று எவனாவது ஒருவன் சொல்வான்.

வளரவில்லை. சுற்றியிருந்தது கரைந்து போயிற்று, இது நின்றுவிட்டது. குமரிக் கடலோரப் பாறைகள் சார்னோகைட், நைஸ் வகை. பூமிக்கடியில் வெந்து இறுகியவை. பக்கத்தில் இருப்பதோ இளகிய மண்ணும் மணலும். இளகியதை அலை அரித்தால் கரை உள்வாங்கி வளைகிறது. இறுகியது முன்னே துருத்தி நிற்கிறது. அதுதான் முனை.

முனையருகே ஆழம் குறைவு. அங்கே அலை வேகம் குறைந்து வளைந்து, முனையையே சுற்றி நின்று அடிக்கிறது. வளைவுக்குள் போகும் அலை விரிந்து வலுவிழந்து, மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. வள்ளம் ஏற்ற நமக்குக் கரை கிடைப்பது இப்படித்தான்.

இன்று நாமே கல்லைக் கொட்டி முனை செய்கிறோம். அதற்குப் பெயர் தூண்டில் வளைவு. மணலைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் கரையோரமாக நகர்ந்து போகும் மணலை ஓர் ஊரில் பிடித்துவிட்டால் அடுத்த ஊருக்கு வராது. அங்கே கடல் அரிக்கும்.

போன ஆடியில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊரில் வளைவு போட்டபின் அவன் முற்றத்துத் தென்னை இரண்டும் கடலோடு போய்விட்டன. "எங்களுக்கும் ஒண்ணு போடணும்னு மனு குடுத்திருக்கோம் சார்" என்றான். வீடு போகிறவன் வேறென்ன கேட்பான்? ஆனால் அவனுக்குப் போட்டால், அடுத்த ஊர்க்காரன் மனு எழுத வேண்டிவரும். அதற்கும் மலையைத்தான் உடைக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். ஊர் ஊராக மனு வாங்கிக் கல் கொட்டுவது போதும். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரை ஒரே கரையாகக் கணக்கிட்டு, இடையிலுள்ள எல்லா ஊர்க்காரர்களையும் உட்கார வைத்துத் திட்டம் போடுங்கள். துறைமுக வாயில் அள்ளும் மணலை, மணல் இழந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

கடலோரத்தில் வாழ்ந்த நண்பர்கள், உங்கள் சிறுவயதில் கரை எதுவரை இருந்தது என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு நம் தலைமுறையிடம்தான் இருக்கிறது.