மானிக்கு அப்பால் யார் பொறுப்பு?

மின்சாரத்தால் வீடு தீப்பற்றினால் முதலிற் கேட்கும் வார்த்தை, "வீட்டுக்காரர் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தார்" என்பதே. அந்த அளவு எது என்று அவருக்கு எவராவது எழுத்தில் அறிவித்ததுண்டா? அறிவியாத கட்டளையை மீறியதற்குத் தண்டம் விதிப்பது எந்நாட்டு நீதி?

கொக்குவிலையே எடுத்துக்கொள்வோம். போருக்கு முன்னர் வயரிங் செய்த வீடுகள் இன்றும் இங்குண்டு. நாலு மின்குமிழுக்கும் ஒரு வானொலிக்குமாக இழுத்த கம்பிகள் அவை. போரினால் நெடுங்காலம் இருண்டு கிடந்த குடாநாடு 2013இல் நாட்டின் மின்வலையமைப்புடன் மீண்டும் இணைந்தது. இன்று அதே கம்பியில் குளிரூட்டியும் வெந்நீர்க் கருவியும் தொங்குகின்றன. (வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் காசு கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே போகின்றது, சுவருக்குள் இருக்கும் கம்பிக்குப் போவதில்லை.)

மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்கு. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 பாகை செல்சியஸ். பட்டியலில் அச்சிட்ட அம்பியரோ சூழல் வெப்பம் 30 பாகை என்று கொண்டு கணித்தது. சித்திரை வெயிலில் நமது ஓட்டுக் கூரையின் கீழ் 30 பாகையா? 40 பாகையானால் எட்டிலொரு பங்கு கழியும். ஆறு சுற்றுக் கம்பிகளை ஒரே குழாயிற் திணித்து யாவற்றிலும் முழுச்சுமை ஏற்றினால் மேலும் நூற்றுக்கு 43 கழியும். ஆக, 24 அம்பியர் என்று எழுதப்பட்ட 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி அவ்விடத்தில் 12 அம்பியருக்கே தகுதியுடையது. 3,500 வாற்று வெந்நீர்க் கருவி ஒன்று கேட்பதோ 15 அம்பியர்!

உருகி எரிந்தால் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் கெட்டிக்காரரும் நம்முள் உளர். உருகி இருப்பது கம்பியைக் காக்க. அதைத் தடிப்பாக்கினால் அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியே.

தோட்டக்காரர் நிலை இன்னும் மோசம். வீட்டிலிருந்து கிணற்றடிவரை மெல்லிய வயரை நீட்டினால் மின்னழுத்தம் வழியிலேயே தேய்கின்றது. சுமை குறையாத மோட்டார், கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துத் தானும் வேகும், வயரையும் வேகவைக்கும். வெங்காயத்துக்கு இறைக்கும் நாளில் மோட்டார் எரிந்தால் பயிருக்கு ஈடு யார் கொடுப்பார்?

"மானிக்கு அப்பால் எம் பொறுப்பல்ல" என்பது மின்சாரம் விற்போர் வாதம். இணைப்புக் கேட்ட நாளில் வயரிங் பரிசோதனை அறிக்கை வாங்கினார்களே, முப்பது ஆண்டு கழிந்தும் அக்கடதாசியா காவல்? 1987 முதல் தமிழும் அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. ஒவ்வொரு மானியின் அருகிலும் கம்பியின் தடிப்பு, தாங்கும் அம்பியர், இடவேண்டிய உருகி ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுக; பழைய வீடுகளையும் கிணற்றடி இணைப்புக்களையும் கட்டணமின்றி மீளப் பரிசோதிக்குக. கொக்குவிலில் இருந்தே தொடங்கலாம்.